ஒரே சாறு, மூன்று நொதிகள்: மால்ட் சோதனையில் நேரத்தை எங்கே மிச்சப்படுத்தலாம்

பீருக்காக முளைக்கவைத்து உலர்த்திய பார்லியான மால்ட் இரண்டு, சான்றிதழில் டயஸ்டேட்டிக் பவர் 250 வின்டிஷ்-கோல்பாக் அலகு என்று ஒரே எண்ணோடு வரலாம். இரண்டையும் ஒரே வெப்பநிலை அட்டவணையில் மேஷ் செய்தாலும் (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தாலும்), ஈஸ்ட் தின்று தீர்க்கக்கூடிய சர்க்கரை இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் தராது. காரணம் எளிது. டயஸ்டேட்டிக் பவர் என்பது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலையின் கூட்டுத்தொகை. அதில் பெரும்பங்கு பீட்டா அமைலேஸுடையது. ஆல்பா அமைலேஸ் எவ்வளவு, கிளைகளை வெட்டும் லிமிட் டெக்ஸ்ட்ரினேஸ் எவ்வளவு, பீட்டா அமைலேஸ் 65 டிகிரி செல்சியஸ் மேஷில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எதுவும் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து தெரியாது.

ஆகவே தனித்தனியாக அளக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஆய்வகங்களிலிருந்து வரும் மறுப்பு எப்போதும் ஒன்றுதான்: அவ்வளவு நேரமும் ஆளும் இல்லை. பழைய முறைகளை அப்படியே மூன்று முறை செய்தால் அது உண்மைதான். அமெரிக்க முறையில் டயஸ்டேட்டிக் பவருக்கு 25 கிராம் மால்ட் மாவை 500 மில்லி 0.5% உப்புக் கரைசலில் 20 டிகிரியில் இரண்டரை மணி நேரம் ஊறவைத்து, இடையிடையே சுழற்றிவிட்டு, வடிகட்டி, அதன் பிறகு மாவுச்சத்தோடு வினைபுரிய விட்டு, டைட்ரேஷன் செய்ய வேண்டும். ஆல்பாவுக்கு அயோடின் நிறத்தை வைத்து இன்னொரு தனிச் சோதனை. ஒருவர் நாள் முழுக்க நின்றாலும் மாதிரிகளின் எண்ணிக்கை உயராது.

ஆனால் நேரம் போவது கருவியில் அளவு பார்க்கும் இடத்தில் அல்ல. அரைப்பது, எடைபோடுவது, சாறெடுப்பது, நீர்க்கச்செய்வது ஆகியவைதான் நாளைத் தின்கின்றன. ஒவ்வொரு நொதிக்கும் தனிச் சாறு எடுக்கும் வழக்கத்தை விட்டாலே பாதி வேலை குறைந்துவிடும். தளப்பொருள் என்பது நொதி வெட்டும் பொருள். வெட்டுப்பட்டால் நிறம் காட்டும் இன்றைய தளப்பொருள்கள் அதற்கு வழி செய்திருக்கின்றன. ஒரு நொதியை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் வேலையைச் சாறெடுப்பில் செய்யத் தேவையில்லை. தளப்பொருளே அதைச் செய்துகொள்ளும்.

பீட்டா அமைலேஸ் சங்கிலியின் ஒடுக்கா முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றிக்கொண்டு வரும். அந்த முனையை வேதியியல் முறையில் மூடிவிட்டால் அதனால் தொடவே முடியாது. ஆல்பா அமைலேஸோ நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். முனை மூடப்பட்ட, ஏழு குளுக்கோஸ் நீளமுள்ள பாரா-நைட்ரோஃபீனைல் மால்டோஹெப்டாயோசைடு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. செரால்ஃபா என்ற பெயரில் புழங்கும் முறை இதுவே, பகுப்பாய்வு முறைகளுக்கு ஒப்புதல் தரும் ஏஓஏசி அமைப்பின் 2002.01 என்ற தர முறையாகவும் ஏற்கப்பட்டது. பீட்டாவுக்கு நேர்மாறான ஏற்பாடு: மூன்றே குளுக்கோஸ் நீளமுள்ள பாரா-நைட்ரோஃபீனைல் மால்டோட்ரயோசைடு. ஆல்பா அமைலேஸுக்குப் பிடிகொடுக்க அந்த நீளம் போதாது. ஆக, இரண்டு நொதிகளும் கலந்திருக்கும் ஒரே சாற்றை இரண்டு தளப்பொருள்களிலும் தனித்தனியே ஊற்றி இரண்டு எண்களைப் பெறலாம்.

அரைப்பதில் தொடங்குவோம்

ஒரு மால்ட் மணி சுமார் 40 மில்லிகிராம். அரை கிராம் மாவு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று மணிகள்தான். ஒரே மூட்டையில்கூட மணிக்கு மணி முளைப்பு மாறும். எனவே அரை கிராமுக்குத் தேவையான மணிகளை மட்டும் அரைப்பது பெருந்தவறு. குறைந்தது 20 முதல் 30 கிராம் வரை 0.5 மில்லிமீட்டர் சல்லடை பொருத்திய சைக்ளோன் மில்லில் அரைத்து, மூடியுள்ள பாட்டிலில் நன்றாகப் புரட்டிக் கலந்து, அதிலிருந்து எடுக்க வேண்டும். மில்லின் அறையில் தங்கிய உமித்துண்டுகளையும் தட்டி அதே பாட்டிலில் சேர்க்க வேண்டும். உமியை விட்டுவிட்டால் மீதமுள்ள மாவில் நொதி கூடுதலாகத் தெரியும். தொடர்ந்து அரைத்தால் மில் சூடாகும். கையால் தொட்டு வெதுவெதுப்பு தெரிந்தால் ஆறவிட்டுத் தொடருங்கள்.

அரைத்த மாவு காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஈரப்பதத்தை அளக்க எடுக்கும் பங்கையும் நொதிக்கு எடுக்கும் பங்கையும் ஒரே வேளையில் எடைபோடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்றால் உலர் அடிப்படையில் போடும் கணக்கே பொய்யாகிவிடும்.

சாறு

திருகுமூடி கொண்ட 15 மில்லி குழாயில் 0.500 கிராம் மாவு. 5 மில்லிகிராம் கூடக்குறைய இருக்கலாம், ஆனால் உண்மையான எடையை எழுதிவைக்க வேண்டும். அதில் 10 மில்லி சாறெடுப்புக் கரைசல்: 100 மில்லிமோலார் மாலியிக் அமில பஃபர், பிஎச் 5.5, 1% சோடியம் குளோரைடு, 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. உப்பு இல்லாவிட்டால் பீட்டா அமைலேஸ் முழுமையாக வெளியே வராது. கால்சியம் இல்லாவிட்டால் ஆல்பா அமைலேஸ் நிலைகுலையும். பாஸ்பேட், சிட்ரேட் பஃபர்களை இங்கே தவிர்த்துவிடுங்கள், இரண்டும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மாவின்மேல் கரைசலை ஊற்றிய உடனே கடுமையாகக் குலுக்க வேண்டும். அடியில் ஒட்டிக் கட்டியான மாவு பிறகு எவ்வளவு சுழற்றினாலும் அவிழாது. 30 டிகிரியில், சுழலும் தாங்கியில் ஒரு மணி நேரம். இந்த நேரத்தை நான் சொன்னேன் என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மில், உங்கள் சுழற்றியில் 15, 30, 60, 90 நிமிடச் சாறுகளை ஒருமுறை அளந்து, எண் உயர்வது நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதற்குச் சற்று மேலே நேரத்தை நிலைநிறுத்துங்கள். பிறகு 3000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ். தெளிந்த மேல்நீரை ஐஸில் வைத்து அன்றைக்கே அளந்துவிட வேண்டும்.

பீட்டா அமைலேஸில் ஒரு பகுதி மணியின் புரதங்களோடு, குறிப்பாக புரோட்டீன் இசட்டோடு, டைசல்ஃபைடு பிணைப்பால் கட்டுண்டு கிடக்கும். முளைப்பின்போது பெரும்பகுதி விடுபடும். முளைக்காத பார்லியை அளக்க, அந்தப் பிணைப்பை உடைக்கும் சிஸ்டீன் போன்ற ஒடுக்கி கட்டாயம் தேவை. மால்ட்டில் மேஷுக்கு வந்து சேரும் அளவுதான் வேண்டும் என்றால் ஒடுக்கி இல்லாத சாறே பொருத்தமானது. மொத்த பீட்டாவும் வேண்டும் என்றால் சிஸ்டீன் சேர்த்து இன்னொரு சாறு எடுக்கத்தான் வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஆல்பா அமைலேஸ்

முதலில் குழாய் முறையில் கணக்கைப் பிடித்துக்கொண்டால் 96 சிறு குழிகள் கொண்ட பிளேட்டுக்கு மாறுவது எளிது. சாற்றை அதே கால்சியம் கலந்த பஃபரில் 150 மடங்கு நீர்க்கச்செய்யுங்கள். 0.2 மில்லி தளப்பொருளை 40 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 0.2 மில்லி நீர்த்த சாறு சேர்த்து, சரியாக 10 நிமிடம் கழித்து 3 மில்லி 1% டிரிஸ் என்ற காரக் கரைசலால் நிறுத்துங்கள். டிரிஸ் விழும்வரை குழாயில் நிறமே தெரியாது. விழுந்த கணம் மஞ்சள் எழும். பாரா-நைட்ரோஃபீனால் பிஎச் 7 அளவில்தான் அயனியாகிறது, அயனியான பிறகுதான் மஞ்சள் காட்டுகிறது. டிரிஸ் கரைசல் பழசாகிப் பிஎச் இறங்கிப்போனால் நிறம் குறையும், நொதி குறைந்ததாகத் தோன்றும். ஒவ்வொரு முறையும் அதன் பிஎச்சைப் பார்ப்பது ஒரு நிமிட வேலைதான்.

400 நானோமீட்டரில் பிளாங்கின் (நொதி வினை நடக்காத ஒப்பீட்டுக் குழாயின்) அளவைக் கழித்த ஒளி உறிஞ்சல் 0.80 என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தால் வகுத்தால் 0.080. இறுதிக் கனஅளவு 3.4 மில்லி, பாரா-நைட்ரோஃபீனாலின் மில்லிமோலார் உறிஞ்சல் எண் 18.1, சேர்த்த சாறு 0.2 மில்லி, கரைசல் 10 மில்லி, மாவு 0.5 கிராம், நீர்ப்பு 150. ஆக 0.080 × (3.4 ÷ 18.1) × (1 ÷ 0.2) × (10 ÷ 0.5) × 150, கிராமுக்குச் சுமார் 225 அலகு. ஈரப்பதம் 4.5% என்றால் 95.5-ஆல் வகுத்து நூறால் பெருக்க, உலர் அடிப்படையில் 236.

உறிஞ்சல் 0.4-க்கும் 1.0-க்கும் இடையில் விழும்படி நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள். புதிய மால்ட் வகை வந்தால் ஒருமுறை இரட்டிப்புச் சோதனை செய்வது நல்லது. நீர்ப்பைப் பாதியாக்கினால் உறிஞ்சல் இரட்டிக்க வேண்டும். நேரத்திலும் அதே பரிசோதனை உண்டு. 5 நிமிட அளவு, 10 நிமிட அளவில் பாதியைவிடக் குறைந்தால் தளப்பொருளோடு சேர்த்துத் தரப்படும் துணை நொதி சோர்ந்துவிட்டது என்று பொருள். ஆல்பா அமைலேஸ் வெட்டிப்போட்ட துண்டிலிருந்து நைட்ரோஃபீனாலை விடுவிப்பது அந்தத் துணை நொதிகள்தான். அவை போதவில்லை என்றால் தொடக்கத்தில் பின்னடைவு தெரியும். கரைத்த தளப்பொருளைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு பங்கை ஒருமுறை மட்டும் உருக்கிப் பயன்படுத்துவதே இதற்குத் தடுப்பு.

பிளேட்டுக்கு மாற்றும்போது

96 குழிப் பிளேட்டில் 25 மைக்ரோலிட்டர் தளப்பொருள், 25 மைக்ரோலிட்டர் நீர்த்த சாறு, 200 மைக்ரோலிட்டர் டிரிஸ். குழாயில் 150 மடங்கு நீர்த்த சாறு இங்கே சுமார் 200 மடங்கு நீர்க்க வேண்டியிருக்கும். தளப்பொருளின் செலவு எட்டில் ஒன்றாகக் குறைகிறது, சோதனையிலேயே விலை கூடிய பொருள் அதுதான்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, குழாய்க்கான 18.1 என்ற எண்ணை அப்படியே பிளேட்டில் போடுவது. ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு பெட்டியான குவெட்டில் ஒளி 1 சென்டிமீட்டர் கடக்கிறது. குழியில் 250 மைக்ரோலிட்டருக்குச் சுமார் 0.7 சென்டிமீட்டர்தான். கருவியின் வடிகட்டியும் பெரும்பாலும் 400 அல்ல, 405. கணக்கில் திருத்தம் போடுவதைவிட, ஒவ்வொரு பிளேட்டிலும் பாரா-நைட்ரோஃபீனால் ஸ்டாண்டர்டையே வைத்துவிடுங்கள். அதே டிரிஸ் கரைசலில், அதே 250 மைக்ரோலிட்டர் கனஅளவில், இறுதிச் செறிவு 0.01 முதல் 0.1 மில்லிமோலார் வரை ஐந்து புள்ளிகள். பிளேட்டின் வடிவமோ வடிகட்டியோ எதுவானாலும் பிறகு கவலையில்லை.

அடுத்த தொல்லை வெப்பம். பிளேட்டின் அடிப்பாகத்துக்கும் தாங்கிக்கும் நடுவில் காற்று தங்கும். தாங்கி 40 காட்டும், குழிக்குள் 37 இருக்கும். பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் நொதியில் ஒரு டிகிரி தவறினாலே முடிவு ஏறத்தாழ 7% நகர்ந்துவிடும். பிளேட்டின் அடிப்புறத்துக்குப் பொருந்தும் உலோகத் தாங்கியைப் பயன்படுத்தி, தளப்பொருளோடு பிளேட்டைப் பத்து நிமிடமாவது முன்சூடாக்கி, வினை நடக்கும்போது மேலே ஒட்டுத்தாள் போட்டு மூடுங்கள். மூடாவிட்டால் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி எண் உயரும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒப்பிடுவதற்காக ஓட்டும் கட்டுப்பாட்டு மால்ட்டை ஒரு குழி ஓரத்திலும் ஒரு குழி நடுவிலும் வைத்தால் இந்தக் கோளாறு உடனே அம்பலமாகும்.

எட்டு முனைப் பைப்பெட்டால் 15 நொடிக்கு ஒரு நிரல் என்று சாற்றைச் சேர்த்துக்கொண்டு போனால் பன்னிரண்டு நிரலுக்கு மூன்று நிமிடம். நிறுத்துவதும் அதே வரிசையில், அதே இடைவெளியில். டிரிஸை வேகமாகப் பீய்ச்சினால் குமிழி வரும். குமிழி உள்ள குழி உயர்ந்த எண் காட்டும். பைப்பெட்டின் கடைசிச் சொட்டை வெளியே தள்ளாமல் விட்டால் குமிழி பெரும்பாலும் வராது.

ஒரு பிளேட்டில் இருபது மாதிரிகள் அடங்கும்: மாதிரிக்கு இரண்டு சாறு, சாற்றுக்கு இரண்டு குழி, எண்பது. கட்டுப்பாட்டு மால்ட்டுக்கு நான்கு, ஸ்டாண்டர்டுக்குப் பத்து, பிளாங்குக்கு இரண்டு. இதில் யாராவது சாறெடுப்பை ஒன்றாகக் குறைத்துக் குழிகளை நான்காக்க நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள். ஒரே சாற்றின் குழிகளுக்குள் வேறுபாடு சிறிதாகத்தான் இருக்கும். அது தரும் நம்பிக்கை போலியானது. உண்மையான சிதறல் எடைபோடுவதிலும் சாறெடுப்பதிலும் இருக்கிறது. இரட்டிப்பு அங்கேதான் வேண்டும்.

பிளாங்கில் மிச்சப்படுத்தலாம். 200 மடங்கு நீர்த்த பிறகு வெளிர் மால்ட்டின் சொந்த நிறம் எண்ணில் தெரியாது, ஆகவே மாதிரிக்கு மாதிரி பிளாங்க் தேவையில்லை.

பீட்டா அமைலேஸும் அதன் வெப்பத் தாங்குதிறனும்

அதே சாறுதான். நீர்க்கச்செய்யும் பஃபர் மட்டும் மாறும்: பிஎச் 6.2, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ 1 மில்லிமோலார், மில்லிக்கு 1 மில்லிகிராம் மாட்டுச் சீரம் ஆல்புமின். சாற்றில் கால்சியம் இருக்கிறதே, ஆல்பா குறுக்கிடாதா என்ற ஐயம் எழும். 2 மில்லிமோலார் கால்சியம் 20 மடங்கு நீர்த்தாலே 0.1 மில்லிமோலார் ஆகிவிடும். பத்து மடங்கு மிகுந்த இடிடிஏ அதைப் பிடித்துவைக்கும். தளப்பொருளும் ஆல்பாவுக்குப் பொருந்தாதது. இரட்டைக் காவல் போதும். ஆல்புமினை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிகவும் நீர்த்த நிலையில் பீட்டா அமைலேஸ் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காலையில் நீர்த்ததை மதியம் அளந்தால் எண் இறங்கியிருக்கும்.

பீட்டாவின் அலகுகளில் ஒரு எச்சரிக்கை. பழைய தளப்பொருளில் ஐந்து குளுக்கோஸ், இன்றையதில் மூன்று. இரண்டிலும் கிடைக்கும் எண்களை ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடவே கூடாது.

இந்தச் சாற்றிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள எண், என் மதிப்பீட்டில், வெப்பத் தாங்குதிறன்தான். பார்லி வகைகளில் பீட்டா அமைலேஸ் ஜீனின் வடிவங்கள் வேறுபடுகின்றன. சில வடிவங்களின் நொதி மேஷின் வெப்பத்தில் விரைவில் சிதைகிறது, சில கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. டயஸ்டேட்டிக் பவர் 20 டிகிரியில் அளக்கப்படுவதால் இந்த வேறுபாடு அதில் துளியும் தெரியாது. செய்முறை எளியது. சாற்றில் 100 மைக்ரோலிட்டரை மெல்லிய சுவருள்ள பிசிஆர் குழாயில் எடுத்து, பிசிஆர் இயந்திரத்தில் (டிஎன்ஏவைப் பெருக்கப் பயன்படும், வெப்பத்தைத் துல்லியமாகக் காக்கும் கருவி) 60 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, உடனே ஐஸில் இறக்கி, எஞ்சிய செயல்பாட்டைச் சூடாக்காத சாற்றோடு ஒப்பிட்டு விழுக்காடாக எழுதுங்கள். வாட்டர் பாத்தில் பெரிய குழாய் வைத்துச் செய்தால் சூடேறும் நேரமே ஒவ்வொரு குழாயிலும் மாறும், எண்கள் அலையும். பிசிஆர் இயந்திரம் அந்தப் பிரச்சினையை அடியோடு நீக்கிவிடுகிறது. எல்லா மாதிரிகளும் நூறுக்கு அருகிலோ பூச்சியத்துக்கு அருகிலோ நின்றால் வெப்பத்தை ஓரிரு டிகிரி மாற்றி, மாதிரிகள் விரிந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

லிமிட் டெக்ஸ்ட்ரினேஸ்

இதில் சிக்கனத்துக்கு இடம் குறைவு. மால்ட்டில் இதன் பெரும்பகுதி ஒரு தடுப்புப் புரதத்தோடு பிணைந்து செயலற்றுக் கிடக்கிறது. பொதுச் சாற்றில் அளந்தால் கிடைப்பது கட்டற்ற பகுதி மட்டும். மொத்தம் வேண்டுமானால் 25 மில்லிமோலார் டைதயோத்ரைட்டால் சேர்த்து 40 டிகிரியில் பல மணி நேரம் தனிச் சாறெடுப்பு. டைதயோத்ரைட்டால் காற்றில் வேகமாகக் கெடும். அன்றன்று கரைக்க வேண்டும். செயல்பாடு குறைவு என்பதால் சாற்றை அதிகம் நீர்க்க முடியாது, ஆகவே இங்கே மாதிரிக்கு மாதிரி பிளாங்க் கட்டாயம். நீலச் சாயம் ஏற்றிய புல்லுலான் மாத்திரைகளைப் பயன்படுத்தினால், மாத்திரை போட்டபின் குழாயைக் குலுக்க வேண்டாம். கரையாத துகள்மேல் நடக்கும் வினை என்பதால் கலக்கினால் வேகம் மாறும். தினசரிப் பட்டியலில் இதைச் சேர்க்கத் தேவையில்லை. புதிய அறுவடை, புதிய வகை, புதிய மால்ட் ஆலை என்று ஏதாவது மாறும்போது அளந்தால் போதும்.

டயஸ்டேட்டிக் பவரும் வேண்டுமானால்

ஒப்பந்தங்களில் அந்த எண் இருக்கும்வரை அதை விட முடியாது. டைட்ரேஷனுக்குப் பதில் பாரா-ஹைட்ராக்சிபென்சாயிக் அமில ஹைட்ரசைடு கொண்டு 410 நானோமீட்டரில் அளப்பது விரைவானது. டைநைட்ரோசாலிசிலிக் அமில முறையைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை ஒரே எண்ணிக்கையிலான ஒடுக்கும் முனைகளுக்கும், துண்டு நீளத்தைப் பொறுத்து வேறுவேறு நிறம் தரும்.

மால்ட் சாற்றில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு. எனவே நொதி வேலை செய்ய முடியாதபடி முதலிலேயே காரம் சேர்த்த மாவுச்சத்தில் அதே சாற்றை ஊற்றி, ஒவ்வொரு மாதிரிக்கும் பிளாங்க் எடுக்க வேண்டும். சிஸ்டீன், டைதயோத்ரைட்டால் கலந்த சாறு இதற்கு உதவவே உதவாது. அவையே ஒடுக்கிகள் என்பதால் சர்க்கரைபோல நிறம் காட்டும். மாவுச்சத்து மிச்சம் நிறைய இருக்கும்வரைதான் சர்க்கரை நொதிக்கு ஏற்ப உயரும் என்பதை கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் யோஹான் கியெல்டால் 1879-லேயே காட்டிவிட்டார். அந்த எல்லையைத் தாண்டினால் வலுவான மால்ட்டும் நடுத்தரமாகத் தெரியும். நீர்ப்பைக் கூட்டிப் பார்த்தால் எண் ஏறுகிறதா? அப்படியானால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

வின்டிஷ்-கோல்பாக்கிலிருந்து லின்ட்னர் என்ற இன்னொரு அலகுக்கு மாற்ற 16 கூட்டி 3.5-ஆல் வகுக்கும் வாய்பாடு போதும். 250 என்பது 76 ஆகும். ஆனால் உங்கள் விரைவுமுறை எண்ணை வின்டிஷ்-கோல்பாக்காக மாற்றக் கடன் வாங்கிய வாய்பாடு எதுவும் உதவாது. வலுவானது, வலுக்குறைந்தது என்று பரந்து விரிந்த இருபது முப்பது மால்ட்டுகளை இரண்டு முறையிலும் அளந்து சொந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டுப்பாட்டு மால்ட்

ஒரே மால்ட்டைப் பெரிய அளவில் வாங்கி, கலந்து, காற்றுப்புகாச் சிறு பொட்டலங்களாக்கி உறைபெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பொட்டலத்தைப் புதிதாக அரைத்து மற்ற மாதிரிகளோடு சேர்த்து ஓட்டுங்கள். திறக்குமுன் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மணிகள்மேல் ஈரம் படியும். முடிவுகளை வரைபடத்தில் குறித்து, இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டினால் விசாரியுங்கள், மூன்றைத் தாண்டினால் அந்தத் தொகுதியின் எண்களை வெளியே அனுப்பாதீர்கள்.

ஒரே சாறு இந்த விசாரணையிலும் கைகொடுக்கிறது. ஆல்பாவும் பீட்டாவும் ஒரே விகிதத்தில் இறங்கினால் குற்றம் பொதுவான இடத்தில்: எடை, சாறெடுப்பு நேரம், குழாயடியில் கட்டிய மாவு, பிளேட்டின் வெப்பம், டிரிஸின் பிஎச். ஆல்பா மட்டும் இறங்கினால் நீர்க்கச்செய்த பஃபரில் கால்சியம் விடுபட்டதா, இடிடிஏ கலந்த பஃபரைக் கை மாறி எடுத்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். பீட்டா மட்டும் இறங்கினால் ஆல்புமின், அல்லது சாறெடுப்புக் கரைசலில் உப்பு. இரண்டும் சரியாக நின்று வெப்பத் தாங்குதிறன் மட்டும் விலகினால் பிசிஆர் இயந்திரத்தின் வெப்பநிலையைச் சரிபார்க்க வேண்டும். 60 டிகிரி வட்டாரத்தில் அரை டிகிரி விலகினாலே எஞ்சும் நொதியின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும்.